தஞ்சாவூர் எழுதிக் கொடுத்த எல்லைகள்

தஞ்சாவூரிலிருந்து விடியற்காலையில் வண்டி எடுத்தால், மதியத்துக்குள் டென்மார்க் ஆண்ட ஊரையும், பிற்பகலில் பிரான்ஸ் ஆண்ட ஊரையும், விளக்கு வைக்கும் நேரத்தில் ஹாலந்துக்காரர்கள் ஆண்ட ஊரையும் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். சுற்றி வர இருநூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். வழி நெடுக நெல் வயல். தஞ்சைப் பிள்ளைகளிலேயே பலர் இதை அறியாமல் வளர்கிறார்கள் என்பது எனக்கு வெகு நாளாக மனத்தாங்கல்.

என் தங்கை குடும்பத்தோடு ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரில் இருக்கிறாள். அங்கிருந்து பிரான்சும் சுவிட்சர்லாந்தும் பக்கம். சொந்தக் கார் கிடையாது. கோடை விடுமுறைக்கு வாடகைக் கார் எடுத்துக்கொண்டு எல்லை தாண்டுவார்கள். எல்லையில் பெரும்பாலும் யாரும் நிறுத்துவதில்லை. ஆனாலும் கிளம்புவதற்கு முன் அவள் செய்கிற ஏற்பாடு பெரிது. எந்தெந்த நாட்டுக்குப் போகப் போகிறோம் என்று வாடகை நிறுவனத்திடம் முதலிலேயே சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுவாள். சில நிறுவனங்கள் அதற்குத் தனிக் கட்டணம் கேட்கும்; சில நாடுகளுக்கு வண்டியை விடவே விடாது. சம்மதம் இல்லாமல் தாண்டிய கார் எங்காவது மோதினால் காப்பீடு கைகொடுக்காமல் போகலாம். சுவிட்சர்லாந்தின் நெடுஞ்சாலையில் ஓட்ட ஆண்டு வில்லை 40 ஃபிராங்க். எடுத்த வண்டியில் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வாள். இங்கிருந்து போகிறவர்கள் நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஓராண்டு செல்லுபடியாகும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வாங்கிப் போவது நல்லது.

மார்கழியில் அவர்கள் வந்திருந்தபோது மருமகள் கேட்டாள்: “மாமா, இங்கேருந்து கார் எடுத்துக்கிட்டுப் போனா எந்த நாடு வரும்?”

“டென்மார்க் வரும். அதைத் தாண்டினா பிரான்ஸ் வரும்” என்றேன். அவள் நம்பவில்லை. ஆனால் பயணம் அங்கேயே முடிவாகிவிட்டது.

பழைய எல்லைகளில் ஒன்று இன்றும் உயிரோடு இருக்கிறது. காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது. மூன்று பக்கம் தமிழ்நாடு, கிழக்கே கடல். சொந்தக் காரில் போகிறவருக்கு அது பக்கத்து ஊர். வாடகை வண்டிக்கு அது வெளி மாநிலம். ஆகவே தங்கை ஜெர்மனியில் காட்டுகிற ஒழுங்கை இங்கேயும் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தோம்.

முதலில் விசாரித்த டிராவல்ஸ்காரர் சொன்னது இது: “காரைக்கால்தானே சார், அதுக்கு எதுக்கு பெர்மிட்டு? வெள்ளை போர்டு இன்னோவா இருக்கு, வாடகையில நல்லாக் குறைச்சுப் போட்டுத் தரேன்.” அப்படிக் குறைத்துத் தரப்படுகிற வண்டியில்தான் டெல்டாவில் எத்தனையோ குடும்பங்கள் திருநள்ளாறுக்கும் வேளாங்கண்ணிக்கும் போய் வருகின்றன. வெள்ளைப் பலகை வண்டியின் காப்பீடு சொந்த உபயோகத்துக்கானது. வாடகைக்கு ஓடும்போது விபத்து நடந்தால், நிபந்தனையை மீறிவிட்டீர்கள் என்று காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க முடியும். வயதான அம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போகிற வண்டியில் மிச்சம் பிடிக்கிற இடம் இதுவல்ல. மாப்பிள்ளை ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றார்.

தானே ஓட்டிக்கொண்டு போக அவருக்கு ஆசை இருந்தது. அதற்கென்று வாடகைக்கு விடப்படும் வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். 1989-ஆம் ஆண்டின் ரென்ட்-எ-கேப் திட்டப்படி, அந்த உரிமம் பெறக் குறைந்தது 50 வண்டிகள் வைத்திருக்க வேண்டும். சிறு நகரங்களில் ‘செல்ஃப் டிரைவ்’ என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் பலகையின் நிறத்தைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். நாங்கள் பார்த்தவை எல்லாம் வெள்ளை. எனவே ஓட்டுநரோடு மஞ்சள் போர்டு வண்டியே பேசினோம்.

பேசும்போது கேட்டுக்கொள்ள வேண்டியவை கொஞ்சம்தான். வண்டிக்கு அகில இந்திய சுற்றுலா பெர்மிட் இருக்கிறதா? இருந்தால் காரைக்காலுக்குத் தனியாக எதுவும் கட்ட வேண்டாம். அந்தக் கட்டணத்தை மொத்தமாக ஆன்லைனில் வாங்கி மாநிலங்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் முறை 2021-ல் வந்து, 2023-ன் விதிகளிலும் தொடர்கிறது. தமிழ்நாட்டுக்குள் மட்டும் ஓடுகிற பெர்மிட் என்றால் தாற்காலிக அனுமதியையும் வரியையும் யார் கட்டுவது என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பேசிவிட வேண்டும். எஃப்.சி., இன்சூரன்ஸ் இரண்டும் நடப்பில் இருக்கிறதா, நாள் வாடகையில் எத்தனை கிலோமீட்டர் அடங்கும், ஓட்டுநர் பேட்டா எவ்வளவு, டோல் யார் பொறுப்பு. ஆர்.சி.யில் எத்தனை இருக்கை போட்டிருக்கிறதோ அத்தனை பேர்தான் ஏற வேண்டும். குழந்தைதானே என்று மடியில் வைத்துக்கொள்ளக் கூடாது.

நாள் பார்ப்பதும் ஒரு வேலை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியதை இந்தப் பகுதி மறக்கவில்லை. மாசியில் சம்பா அறுவடை நடக்கும். அறுவடை இயந்திரங்களும் சாலையில் காயும் நெல்லும் பாதி வழியை அடைத்துக்கொள்ளும். மார்கழிதான் சரி. வெயில் தணிந்திருக்கும், சம்பா தொண்டைக்கதிரில் நிற்கும். சனிக்கிழமையைத் தவிர்த்தோம், அன்று திருநள்ளாற்றுக் கூட்டம் காரைக்கால் சாலைகளை நிறைத்துவிடும்.

தஞ்சாவூரை விட்டுக் கிளம்பும் முன் சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய ஷ்வார்ட்ஸ் தேவாலயத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். 1750-ல் ஜெர்மனியிலிருந்து தரங்கம்பாடியில் வந்திறங்கிய போதகர் ஷ்வார்ட்ஸ், 1798-ல் தஞ்சையில் இறந்தார். அவரைத் தந்தையாக மதித்த இரண்டாம் சரபோஜி மன்னர், லண்டன் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மனிடம் சொல்லிச் செய்வித்த பளிங்குச் சிற்பம் உள்ளே இருக்கிறது. மரணப் படுக்கையில் கிழவர், பக்கத்தில் நின்று கையைப் பிடித்திருக்கும் அரசர். ஒரு தஞ்சை மன்னர் இப்படி நிற்பதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால், வழியில் பார்க்கப் போகிற கோட்டைகளுக்கும் ஊர்களுக்கும் அர்த்தம் கூடும்.

கும்பகோணத்தில் காபி. காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவே இருக்கிற ஊர் அது. அந்த அரசலாறு பிற்பகலில் நம்மைத் திரும்பச் சந்திக்கும் என்று சொல்லி வைத்தேன். மயிலாடுதுறை, செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் என்று போகப் போக நிலம் தட்டையாகி, வாய்க்கால்கள் மெலிந்து, காற்றில் உப்பு ஏறும். பிறகு தரங்கம்பாடி.

1792-ல் கட்டிய நகர வாயிலுக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் பேச்சை நிறுத்தினார்கள். நேர்த் தெரு, வெள்ளை மதில், தெருக்கோடியில் கடல். 1620 நவம்பரில் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க்கின் கப்பற்படைத் தலைவர் ஓவ கெட்டவுக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையில்தான் இந்த ஊர் டேனியர் கைக்குப் போனது. ரகுநாதர் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்குப் பொன்னேட்டில் தமிழில் எழுதிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. டான்ஸ்போர்க் கோட்டை எழுந்தது அந்த உடன்படிக்கையின் பலத்தில். மிளகுக்காக வந்தவர்கள் இரண்டே கால் நூற்றாண்டு இருந்தார்கள். 1845-ல் வங்காளத்துச் செராம்பூரையும் இதையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள்.

மருமகளுக்குக் கோட்டையைவிட ஜெர்மன் போதகர் சீகன்பால்குவின் கதை பிடித்தது. அவள் படிக்கிற நாட்டுக்காரர் அல்லவா. ஹாலே நகரின் கல்விக்கூடத்திலிருந்து 1706 ஜூலை 9-ல் இங்கே வந்திறங்கினார். டேனிய அதிகாரியோடு முரண்பட்டு இந்தக் கோட்டையிலேயே நாலு மாதம் சிறையில் இருந்தார். தமிழ் கற்றார், ஓலைச் சுவடிகள் சேர்த்தார், 1715-ல் அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு இங்கே அச்சானது. 1718-ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே மறு ஆண்டு அடக்கமானார், வயது 36. பொறையாறு பக்கத்தில் அவர் தொடங்கிய காகித ஆலை இருந்த இடத்துக்கு இன்றும் கடுதாசிப்பட்டறை என்று பெயர். வெளிநாட்டில் வளரும் குழந்தைக்கு, தன் பள்ளி மொழியில் பேசிய ஒருவர் தன் வீட்டு மொழிக்காக உயிரைத் தேய்த்தார் என்று காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

கோட்டைக்கு வடக்கே கடலோரம் மாசிலாமணிநாதர் கோயில். குலசேகர பாண்டியன் காலத்தில் 1306-ல் கட்டியது. டேனியர் வருவதற்கு முந்நூறு ஆண்டு முன்பு. முன் பகுதியைக் கடல் தின்றுவிட்டது. அம்மா அங்கே போய்க் கும்பிட்டுவிட்டுத்தான் வண்டியில் ஏறினார்.

பொறையாறு தாண்டியதும் நண்டலாறு. ஓட்டுநர் தம்பி வேகத்தைக் குறைத்து, “பாலம் தாண்டியாச்சு சார். இனிமே பாண்டி ஸ்டேட்டு” என்றார். மருமகள் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தாள். இந்தப் பக்கம் வயல், அந்தப் பக்கம் வயல். ஒரே பச்சை, ஒரே தொண்டைக்கதிர், ஒரே மொழியில் பெயர்ப் பலகை. “எல்லை எங்கே மாமா?” என்றாள். கொஞ்சம் பொறு என்றேன். வண்டிகளின் எண் பி.ஒய். 02 என்று மாறியது. பெட்ரோல் பங்குகள் நெருங்கி நெருங்கி வந்தன. வரி குறைவு, விலை குறைவு. மதுக்கடைகளும் அதே காரணத்தால். பிறகு நாற்சந்தியில் சிவப்புத் தொப்பி வைத்த காவலரைக் கண்டதும் இரண்டு பிள்ளைகளும் கத்தினார்கள். பிரெஞ்சுக் காவலர்களின் உயரத் தொப்பி அது. ஆண்டவர்கள் போயும் தொப்பி நின்றுவிட்டது.

காரைக்காலும் தஞ்சாவூர் கொடுத்ததுதான். அரியணைச் சண்டையில் சிக்கியிருந்த மராட்டிய மன்னர் சாகுஜி உதவிக்காகப் பிரெஞ்சுக்காரர்களிடம் காரைக்காலைத் தருவதாக 1738-ல் ஒப்புக்கொண்டார். பிறகு பின்வாங்கப் பார்த்தார். கவர்னர் துய்மா விடவில்லை; 1739-ல் ஊர் அவர்கள் கைக்குப் போனது. இடையிடையே ஆங்கிலேயர் பிடுங்குவதும் திருப்பித் தருவதுமாக இருந்து, கடைசியில் 1954 அக்டோபர் 18-ஆம் தேதி புதுச்சேரிப் பக்கத்துக் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணையவே விரும்பினார்கள். நவம்பர் 1-ல் ஆட்சி மாறியது. சட்டப்படி ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததோ 1962 ஆகஸ்ட் 16-ல். அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அப்படி வைத்துக்கொண்ட குடும்பங்கள் காரைக்காலில் இன்றும் இருக்கின்றன. பிரெஞ்சு அதிபர் தேர்தலில் வாக்களிக்கின்றன.

அரசலாற்றங்கரையில் டீ குடிக்க நின்றபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் மாப்பிள்ளையிடம் பேச்சுக் கொடுத்தார். அவர் சிறுவனாக இருந்தபோது இது நிஜமான எல்லை. பிரெஞ்சு இந்தியாவுக்கும் ஆங்கிலேய இந்தியாவுக்கும் 1941-ல் ஏற்பட்ட சுங்க உடன்பாடு 1949-ல் முடிந்துபோனது. அதற்குப் பிறகு நாலா பக்கமும் சுங்கச் சாவடி. “எங்க அத்தை வீடு பொறையாத்துல. பொங்கலுக்குச் சீர் எடுத்துக்கிட்டுப் போனா, மூட்டையை அவுத்துக் கம்பியால குத்திப் பார்ப்பான். அத்தைக்கு எடுத்த சேலையை ரெண்டு பேர் விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. எங்க அப்பாவுக்குக் கண்ணு கலங்கிடும் தம்பி” என்றார். ஃபிரைபுர்க்கில் எல்லையைத் தாண்டியே ரொட்டி வாங்கப் போய்ப் பழகிய என் மருமகள், சேலைக்கு ஏன் சோதனை என்று கேட்டாள். பெரியவர் பதில் சொல்லாமல் அவள் தலையைத் தடவினார்.

இந்த எல்லையை மதிக்காதது காவிரித் தண்ணீர் ஒன்றுதான் என்று சொல்ல ஆசை. அதுவும் முழு உண்மையில்லை. நடுவர் மன்றம் 2007-ல் தீர்ப்பு எழுதியபோது புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. என்று ஒதுக்கியது, 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் கர்நாடகம், தமிழ்நாடு இரண்டின் பங்கை மாற்றியும் அந்த ஏழைத் தொடவில்லை. அரசலாறு, நண்டலாறு, வாஞ்சியாறு, நூலாறு, நாட்டாறு என்று விரல் விரலாகப் பிரிந்து வருகிற காவிரிக்குக் காரைக்கால் கடைமடை. ஜூன் 12-ல் மேட்டூரில் திறந்த தண்ணீர் தமிழ்நாட்டு வயலெல்லாம் குடித்த பிறகுதான் இங்கே எட்டும். காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய தமிழ்நாட்டின் 2020-ஆம் ஆண்டுச் சட்டமும் நண்டலாற்றுப் பாலத்தோடு நின்றுவிடுகிறது. ஒரே வண்டல், ஒரே ஆறு. கரையின் இந்தப் பக்கத்து நெல்லுக்கு ஒரு சட்டம், அந்தப் பக்கத்து நெல்லுக்கு அது இல்லை. மூன்று நூற்றாண்டுக்கு முன் ஒரு மன்னர் தன் சிம்மாசனத்துக்காகப் போட்ட கையெழுத்தின் பாரத்தை இன்றைய விவசாயி சுமப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

காரைக்காலைத் தாண்டித் திருமலைராயன்பட்டினம் வழியாக வாஞ்சூர் வந்தோம். தெற்கு எல்லைச் சோதனைச் சாவடியில் தமிழ்நாட்டுக் காவலர்கள் வண்டியை நிறுத்தினார்கள். அவர்கள் தேடுவது மதுப் புட்டி. விலை மலிவு என்று ஒன்றிரண்டு வாங்கி வைத்துக்கொள்கிறவர்கள் இங்கே வழக்கில் மாட்டுவார்கள். வண்டியும் ஓட்டுநரின் பிழைப்பும் சேர்ந்து மாட்டும். தம்பி பெர்மிட்டையும் இன்சூரன்சையும் எடுத்துக் காட்டினார். பார்த்துவிட்டு, “போங்கம்மா” என்று அம்மாவைப் பார்த்து வழிவிட்டார்கள்.

அடுத்து நாகூர். தர்காவின் உயரமான மினாரைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர், 131 அடி. நாகூர் வாடா வாங்கிச் சாப்பிட்டோம். நாகப்பட்டினத்தை அடைந்தபோது இருட்டிவிட்டது. போர்த்துகீசியரிடமிருந்து 1658-ல் பிடித்து, 1781-ல் ஆங்கிலேயரிடம் இழக்கும்வரை டச்சுக்காரர்கள் வைத்திருந்த துறைமுகம். அவர்களுக்கு அறுநூறு ஆண்டு முன்பு ராஜராஜ சோழன் இங்கிருந்த சூளாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடையாகக் கொடுத்த செய்தியைச் சொல்லும் செப்பேடுகள் ஹாலந்துக்குப் போய், லைடன் செப்பேடுகள் என்றே பெயர் பெற்றுவிட்டன. 2004 டிசம்பர் 26-ல் இந்தக் கரையில் மடிந்தவர்களுக்காக அம்மா கடலைப் பார்த்து நின்று கும்பிட்டார். துறைமுகத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14-ல் பயணிகள் கப்பல் தொடங்கியது; இடையில் நின்று, பிறகு மறுபடி ஓடத் தொடங்கியது. டெல்டாவிலிருந்து உண்மையான வெளிநாட்டு எல்லை தாண்ட வேண்டுமென்றால் அதுதான் வழி. அதற்குக் கடவுச்சீட்டு வேண்டும். வாடகை வண்டி கரையோடு நின்றுவிடும்.

திருவாரூர் வழியாக வீடு திரும்பினோம். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள்.

தஞ்சை, திருவாரூர், கும்பகோணம் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுச் சுற்றுலாவை ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போடுகிறீர்கள், போடுங்கள். அதோடு ஒரு நாள் பிள்ளைகளை இந்தப் பாதையிலும் கூட்டிப் போங்கள். டான்ஸ்போர்க் கோட்டை அருங்காட்சியகத்துக்கு எந்தக் கிழமை விடுமுறை என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். வண்டி மஞ்சள் போர்டாக இருக்கட்டும், பெர்மிட், எஃப்.சி., இன்சூரன்ஸ் மூன்றின் நகலையும் கையில் வாங்கிப் பார்த்த பிறகு பிள்ளைகளை ஏற்றுங்கள்.